கிலோவாற் வேறு, யூனிற் வேறு: மின்சார ஷவரும் எங்கள் வீட்டுப் பில்லும்

பிரித்தானியாவில் ஸ்மார்ட் மீற்றர் பூட்டிய பல வீடுகளில் சமையலறை மேசையில் ஒரு சின்னத் திரை இருக்கும். வீட்டுக்குள் மின்சாரம் மெதுவாக ஓடினால் அதில் பச்சை வெளிச்சம், கொஞ்சம் கூடினால் மஞ்சள், நன்றாகக் கூடினால் சிவப்பு. வீட்டில் யாராவது மின்சார ஷவரைப் போட்டதும் அந்தத் திரை சிவந்துவிடும். 9 கிலோவாற், 10 கிலோவாற் என்று எண் ஏறி நிற்கும்.

அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீடுகளில் பல கதைகள் தொடங்குகின்றன. குளிக்கப் போன பிள்ளையைக் கதவில் தட்டி "காணும், வெளியில வா" என்று கூப்பிடுவது ஒன்று. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியோ "எனக்கு வாளித் தண்ணி போதும் பிள்ளை" என்று கேத்திலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவது இன்னொன்று. ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் பங்கில் இருந்தால் "அவையள் கூடக் குளிக்கினம்" என்ற மனத்தாங்கல் மூன்றாவது.

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான். கிலோவாற் என்பதையும் யூனிற் என்பதையும் நாங்கள் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு. அதைப் பிரித்து விளங்கிக்கொண்டால் பில்லில் எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கத் தேவையில்லை, எங்கே உண்மையான ஆபத்து இருக்கிறது என்பது தெளிவாகும்.

வேகமும் தொகையும்

கணக்கு எழுதும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இதைச் சம்பளத்தை வைத்துச் சொல்வது இலகு. ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு 30 பவுண்ஸ் சம்பளம். ஆனால் கிழமைக்கு 2 மணித்தியாலம்தான் வேலை. கையில் கிடைப்பது 60 பவுண்ஸ். இன்னொருவருக்கு மணித்தியாலத்துக்கு 13 பவுண்ஸ். அவர் 40 மணித்தியாலம் வேலை செய்கிறார். அவருக்குக் கிடைப்பது 520 பவுண்ஸ். மணித்தியாலச் சம்பளத்தை மட்டும் பார்த்து யார் கூட உழைக்கிறார் என்று சொல்ல முடியாது.

கிலோவாற் என்பது அந்த மணித்தியாலச் சம்பளம் போன்றது. ஒரு பொருள் எந்த வேகத்தில் மின்சாரத்தை இழுக்கிறது என்பதை அது சொல்கிறது. யூனிற் என்பது கடைசியில் சேர்ந்த தொகை. 1 கிலோவாற் வேகத்தில் 1 மணித்தியாலம் இழுத்தால் 1 யூனிற். மின்சாரக் கம்பனி எங்களிடம் காசு வாங்குவது யூனிற்றுக்குத்தான்.

யூனிற் விலை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறும். இடத்துக்கு இடமும் வேறுபடும். இந்தக் கட்டுரையில் கணக்குக்காக ஒரு யூனிற் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

எங்கள் வீடுகளில் இருக்கும் மின்சார ஷவர்கள் பெரும்பாலும் 7.5, 8.5, 9.5, 10.5 கிலோவாற் என்ற அளவுகளில் வருகின்றன. 9.5 கிலோவாற் ஷவரில் 8 நிமிடம் குளித்தால் ஆகும் செலவு 1.27 யூனிற், அதாவது 32 பென்ஸ். 4 நிமிடம் குளித்தால் 16 பென்ஸ். 15 நிமிடம் நின்றால் 59 பென்ஸ்.

இதன் பக்கத்தில் வீட்டின் மற்றப் பொருட்களை வைத்துப் பார்ப்போம். 2 கிலோவாற் அறை ஹீற்றர் ஒன்றை மாலை 5 மணித்தியாலம் விட்டால் 10 யூனிற். 2 பவுண்ஸ் 50 பென்ஸ். திரையில் அது ஷவரின் கால்வாசி அளவுக்குக்கூட எண்ணைக் காட்டாது. ஆனால் 8 நிமிடக் குளிப்பு எட்டுக்குச் சமமான காசை அது மெதுவாகத் தின்றுவிடும். 700 வாற் ரைஸ் குக்கர் அரை மணித்தியாலத்துக்கு 9 பென்ஸ். 9 வாற் எல்ஈடி பல்ப் 10 மணித்தியாலம் எரிந்தால் 2 பென்ஸ். உடுப்புக் காயவைக்கும் பழைய மெஷின் ஒரு தடவைக்கு 4 யூனிற் வரை இழுக்கக்கூடும். அது ஒரு பவுண்ஸ்.

ஏன் இவ்வளவு வேகம் தேவைப்படுகிறது?

மின்சார ஷவர் வெந்நீரைச் சேர்த்து வைப்பதில்லை. குழாயில் வரும் குளிர் தண்ணீரை, அது பெட்டிக்குள் ஓடும் அந்தச் சில வினாடிக்குள் சூடாக்கி விடுகிறது. அதனால்தான் பொயிலர் பழுதானாலும், வெந்நீர்த் தாங்கி வெறுமையானாலும் அது வேலை செய்கிறது. காஸ் இணைப்பு இல்லாத பிளாற்களிலும், மேல்மாடியில் புதிதாகக் கட்டிய குளியலறைகளிலும் இதைப் பூட்டுவதற்குக் காரணமும் அதுதான்.

1 லீற்றர் தண்ணீரை 1 பாகை சூடாக்க 1.163 வாற்-மணித்தியாலம் வேண்டும். எந்த நாட்டிலும், எந்த மெஷினிலும் இது மாறாது. தை மாதத்தில் இங்கே குழாய்த் தண்ணீர் 7 பாகையில் வருகிறது என்று வைப்போம். குளிக்க 40 பாகை வேண்டும். 33 பாகை ஏற்ற வேண்டும். 9.5 கிலோவாற் ஷவரால் அந்தக் குளிரில் நிமிடத்துக்கு 4 லீற்றர் அளவு தண்ணீரைத்தான் அப்படிச் சூடாக்கித் தர முடியும். கோடையில் தண்ணீர் 17 பாகையில் வந்தால் அதே மின்சாரத்தில் நிமிடத்துக்கு 6 லீற்றர் அளவு கிடைக்கும். மாரியில் ஷவர் மெல்லிசாக ஓடுகிறது என்று பலர் முறையிடுவது இதனால்தான். மெஷினில் பழுதில்லை, தண்ணீர் குளிர்.

யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் வருடம் முழுவதும் 28 பாகை அளவில் இருக்கும். அங்கே 12 பாகை ஏற்றினாலே 40 வந்துவிடும். 3.5 கிலோவாற் ஹீற்றர் அங்கே தரும் தண்ணீரின் அளவைத்தான் இங்கே 9.5 கிலோவாற் ஷவர் மாரியில் தருகிறது. எங்கள் ஷவர் பில் என்பது பெரும்பாலும் இந்த நாட்டுக் குளிருக்குக் கட்டும் காசு.

அந்தக் குமிழ் என்ன செய்கிறது?

ஷவர் பெட்டியில் வழக்கமாக இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று குளிர், நடுத்தரம், அதிகம் என்று மாற்றுவது. மற்றது சூட்டைக் கூட்டிக் குறைப்பது. இரண்டாவதைத் திருப்பினால் மின்சாரம் கூடும், குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மின்சார ஷவர்களில் அப்படி நடப்பதில்லை. அந்தக் குமிழ் தண்ணீர் ஓடும் அளவைத்தான் மாற்றுகிறது. தண்ணீர் குறைவாக ஓடினால் சூடு கூடும். அதிகமாக ஓடினால் சூடு குறையும். மின்சாரம் இரண்டுக்கும் ஒன்றே.

மின்சாரத்தை மாற்றுவது முதல் குமிழ்தான். பெட்டிக்குள் சூடாக்கும் கம்பிகள் இரண்டு இருக்கும். நடுத்தரத்தில் ஒன்று வேலை செய்யும். அதிகத்தில் இரண்டும் வேலை செய்யும். கோடையில் நடுத்தரம் பலருக்குப் போதும். மாரியில் நடுத்தரத்தில் தண்ணீர் நூல் போல வரும்; குளிக்கும் நேரம் இரண்டு மடங்காகும்; அப்போது மிச்சம் ஒன்றும் இல்லை.

அதே காரணத்தால், 10.5 கிலோவாற் ஷவர் 7.5 ஐ விடச் செலவு கூடியது என்று சொல்வதும் பாதிதான் உண்மை. ஒரே அளவு தண்ணீரை ஒரே சூட்டுக்குக் கொண்டுவர இரண்டுக்கும் ஒரே காசு. பெரியது அதை விரைவாகச் செய்கிறது. விரைவாகக் கிடைக்கிறது என்று கூட நேரம் நின்றால்தான் பில் ஏறும்.

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் இன்னொரு விடயம் உண்டு. இங்கே தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஷவர் தலையின் துவாரங்களில் வெள்ளையாகப் படிந்து தண்ணீரை அடைக்கும். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகி, தானாக நின்று, திடீரென்று குளிர் தண்ணீர் கொட்டும். ஷவர் தலையைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துக் கழுவினால் பல தடவை அதுவே போதும்.

வாளித் தண்ணீரில் மிச்சம் இருக்கிறதா?

இப்போது அம்மாவின் வாளிக்கு வருவோம். 15 லீற்றர் வாளி. தண்ணீர் 7 பாகையில் வருகிறது. 40 பாகையில் குளிக்க வேண்டும். அதற்குக் கொதிநீர் 5 லீற்றருக்கு மேல் வேண்டும். சாதாரணக் கேத்திலில் அது மூன்று தடவை நிரப்பிக் கொதிக்கவைக்கும் அளவு. செலவு 0.6 யூனிற் அளவு, 15 பென்ஸ்.

9.5 கிலோவாற் ஷவரில் 4 நிமிடம் குளித்தால் 16 பென்ஸ் என்று மேலே பார்த்தோம். அந்த 4 நிமிடத்தில் வரும் தண்ணீரும் 16 லீற்றர் அளவுதான். அதாவது ஒரு வாளித் தண்ணீரும் 4 நிமிட ஷவரும் ஒன்றேதான். காசும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. தண்ணீரைச் சூடாக்கும் கணக்கு மாறாதது என்று சொன்னதன் பொருள் இதுதான்.

மாறுவது ஆபத்து மட்டும். எழுபது வயது மனிதர் கொதிக்கும் கேத்திலைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரித்தானிய வீடுகளின் ஒடுங்கிய படிகளில் மூன்று தடவை ஏறி, ஈரத் தரையில் கால் வைக்க வேண்டும். ஒரு பென்ஸ் வித்தியாசத்துக்கு இது தேவையில்லை. இதை எண்ணைச் சொல்லியே அவர்களுக்கு விளங்கப்படுத்தலாம். கிணற்றுத் தண்ணீருக்குக் காசு கட்டாமல் வாழ்ந்தவர்கள் பிள்ளைகளின் பில்லைக் கூட்டிவிடக் கூடாது என்றுதான் வாளியை எடுக்கிறார்கள். "அம்மா, நாலு நிமிசம் குளிச்சால் வாளிக் காசுதான்" என்று சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி.

பெரிய குடும்பத்தின் கணக்கு

குளிப்புக்குச் செலவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆட்களின் எண்ணிக்கை கூடினால் அது பெரிய தொகைதான். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒவ்வொருவரும் நாளுக்கு 8 நிமிடம் குளித்தால் மாதத்துக்கு 190 யூனிற். 47 பவுண்ஸ் 50 பென்ஸ். அதே ஐந்து பேரும் 15 நிமிடம் நின்றால் 356 யூனிற், 89 பவுண்ஸ். ஷவரை மாற்றாமல், நிமிடத்தை மட்டும் மாற்றினாலே மாதம் 40 பவுண்ஸ் வித்தியாசம். ஆளுக்கு ஒரு பாட்டு முடியும் வரை என்று பிள்ளைகளோடு பேசி வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. கதவில் தட்டுவதை விட அது நல்ல வழி.

மின்சார, காஸ் சந்தையைக் கண்காணிக்கும் ஒப்ஜெம் நிறுவனம் 2023 இல் வகுத்த சராசரி வீட்டின் அளவு, வருடத்துக்கு 2,700 யூனிற் மின்சாரமும் 11,500 யூனிற் காஸும். எங்கள் ஐந்து பேர் வீட்டில் 8 நிமிடக் குளிப்புக்கு மட்டுமே வருடத்துக்கு 2,300 யூனிற் போகிறது. செய்திகளில் "சராசரி வீட்டுக்கு வருடத்துக்கு இவ்வளவு பவுண்ஸ்" என்று சொல்லும் தொகை அந்தச் சராசரி வீட்டுக்குரியது. பெரிய குடும்பத்துக்கு அது பொருந்தாது. விலைக்கட்டுப்பாடு என்று சொல்வதும் யூனிற் விலைக்கும் நாளாந்த நிலைக்கட்டணத்துக்கும் உள்ள கட்டுப்பாடுதான். மொத்தப் பில்லுக்கு எல்லை எதுவும் இல்லை. செய்தியில் வரும் தொகையை விட எங்கள் பில் கூடினால் யாரோ களவாக இழுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

காஸ் பொயிலரோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களும் உண்டு. காஸ் யூனிற் 6 பென்ஸ் அளவு, மின்சாரத்தின் கால்வாசி. ஆனால் பொயிலரிலிருந்து வரும் ஷவரில் தண்ணீர் நிமிடத்துக்கு 10 லீற்றர்கூட ஓடும். 8 நிமிடத்துக்கு 80 லீற்றர். காஸ் செலவு 20 பென்ஸுக்குக் கொஞ்சம் மேல். மின்சார ஷவரின் 32 பென்ஸை விடக் குறைவுதான். ஆனால் நால்மடங்கு மலிவு அல்ல. தண்ணீருக்கும் மீற்றர் உள்ள வீட்டில் அந்த 80 லீற்றரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பங்கு வீட்டில் நியாயம்

இரண்டு குடும்பங்கள் சேர்ந்து இருக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர். மாத மின்சாரப் பில் 150 பவுண்ஸ். அதில் நிலைக்கட்டணம் நாளுக்கு அரைப் பவுண்ஸ் படி 15 பவுண்ஸ். மிச்சம் 135 பவுண்ஸ், 540 யூனிற். ஐந்து பேரும் 8 நிமிடம் குளித்தால் 190 யூனிற். ஓர் அறையில் 2 கிலோவாற் ஹீற்றர் நாளுக்கு 3 மணித்தியாலம் எரிந்தால் 180 யூனிற். மிச்சம் 170 யூனிற் சமையல், குளிர்சாதனப் பெட்டி, உடுப்பு, ரீவி.

ஐந்து பேரின் குளிப்பும் ஒரே அறையின் ஹீற்றரும் ஏறக்குறையச் சமம். ஆனால் சண்டை வருவது குளிப்பில்தான். ஏனென்றால் குளிப்பவர் கதவைப் பூட்டும் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. ஹீற்றர் சத்தமில்லாமல் எரிகிறது. நிலைக்கட்டணத்தைக் குடும்பத்துக்குச் சரிபாதி, குளிப்பையும் சமையலையும் ஆட்களின் எண்ணிக்கைப்படி, ஹீற்றரை அதை எரிப்பவரின் கணக்கில் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

வீட்டுக்காரர் மின்சாரத்தை வாங்கி அறைக்காரரிடம் தனியாகக் காசு வாங்கும் இடங்களில் ஒரு சட்டம் உண்டு. தான் கம்பனிக்குக் கட்டும் யூனிற் விலைக்கு மேல் வைத்து அவர் விற்கக் கூடாது. பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கம்பிக்குத் தெரிவது கிலோவாற் மட்டும்

பில்லுக்கு நிமிடம் முக்கியம் என்றோம். சுவருக்குள் ஓடும் கம்பிக்கு நிமிடம் அல்ல, கிலோவாற்தான் முக்கியம். 9.5 கிலோவாற் ஷவர் இழுப்பது 40 அம்பியர். கேத்தில் 12 அம்பியர் அளவு. சுவரில் உள்ள சாதாரண பிளக்கின் எல்லை 13 அம்பியர். அதனால்தான் ஷவருக்கு பியூஸ் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனி பிரேக்கர், கயிறு இழுக்கும் தனிச் சுவிற்ச் எல்லாம் வேண்டும்.

எங்கள் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. பழைய 7.5 கிலோவாற் ஷவர் பழுதாகும். "தண்ணி நல்லா வரட்டும்" என்று 10.5 வாங்கி, தெரிந்த ஒருவரைக் கொண்டு அதே கம்பியில் பூட்டுவோம். தண்ணீரும் நன்றாக வரும். ஆனால் கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 31 அம்பியர் 44 ஆனால் சூடு இரண்டு மடங்கு அளவாகிறது. 7.5 க்கு என்று போட்ட கம்பி அதைத் தாங்காமல் போகலாம். 9.5, 10.5 கிலோவாற் ஷவர்களுக்கு மின்தொழிலாளர்கள் பெரும்பாலும் 10 சதுர மில்லிமீற்றர் கம்பி போடுவது அதற்காகத்தான். எந்தக் கம்பி என்பதை அவர்கள் வீட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கயிற்றுச் சுவிற்ச் சூடாக இருந்தாலோ, அதன் பிளாஸ்டிக் மஞ்சளாகினாலோ, எரிந்த மீன் போல நாற்றம் வந்தாலோ, அன்றைக்கே ஷவரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். அது தீயின் தொடக்கம். இங்கிலாந்தில் ஷவருக்குப் புதுக் கம்பி இழுப்பது பதிவுபெற்ற மின்தொழிலாளர் செய்ய வேண்டிய, அல்லது உள்ளூராட்சிக்கு அறிவிக்க வேண்டிய வேலை. முடிந்ததும் சான்றிதழ் தருவார்கள். அதை வீட்டு உறுதியோடு பத்திரமாக வையுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் உரிமை உண்டு. 2020 இல் வந்த சட்டவிதிகளின்படி இங்கிலாந்தில் தனியார் வீட்டுக்காரர்கள் குறைந்தது 5 வருடத்துக்கு ஒரு தடவை மின்கம்பிகளைப் பரிசோதித்து, அந்த அறிக்கையை 28 நாட்களுக்குள் வாடகைக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, ஊரில் வீடு கட்டுபவர்களுக்கு ஒரு சொல். இங்கே கழிவு விலையில் கிடைக்கிறது என்று 9.5 கிலோவாற் ஷவரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அது 40 அம்பியர் இழுக்கும். ஊரில் சாதாரண வீட்டுக்குக் கிடைக்கும் முழு மின் இணைப்பே பெரும்பாலும் 30 அம்பியர். ஷவரைப் போட்டதும் வீடே இருட்டாகும். பிரேக்கர் சரியில்லாவிட்டால் அதைவிட மோசமாகும். 28 பாகைத் தண்ணீருக்கு 3.5 கிலோவாற் ஹீற்றர் போதும். மிஞ்சும் காசில் நல்ல ட்ரிப் சுவிற்ச் ஒன்று வாங்கி, நிலக்கம்பியையும் ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள்.